அர்மானின் மூக்கும் அடி அண்ணாமலை மல்லாட்டையும்

என் முதலாளி மலையை நக்கினார். மலை என்று அவர் நினைத்ததை நக்கினார் என்று எழுதுவதே துல்லியம். ஆனால் அதற்கு முன்னால் அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அர்மானுக்கு பிரான்சின் தென்கிழக்கில், கருங்கல் சரிவு ஒன்றில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நான் புதுச்சேரிக்காரி. திருமணமாகி அங்கே போனவள், பல வருடங்களாக அவருடைய ஒயின் கிடங்கில் வேலை பார்க்கிறேன். எந்தப் பீப்பாயில் எந்தப் பகுதியின் சாறு, அதன் வெப்பம் என்ன, புளிப்பு என்ன என்று அளந்து குறித்துவைப்பது என் வேலை. முகர்ந்து முடிவு சொல்வது அவர் வேலை. எங்களுக்குள் இது ஒரு நல்ல ஏற்பாடு. நான் எண்களைச் சொல்வேன், அவர் அவற்றைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் மூக்கைக் கோப்பைக்குள் விடுவார்.

அவருடைய தோட்டத்தில் மேல் சரிவு வெறும் உடைந்த பாறை. மண் கொஞ்சம்தான். மழை பெய்தால் நிற்காமல் ஓடிவிடும், வேர்கள் பாறை இடுக்கில் இறங்கித் தண்ணீர் தேட வேண்டும். பழம் சிறுத்து, தோல் தடித்துப்போகும். அந்த ஒயின் இறுக்கமான ஆள் மாதிரி, பழகுவதற்கு நேரமாகும். கீழ்ச் சரிவில் மேலிருந்து அடித்துவந்த மண் சேர்ந்து கிடக்கிறது. ஈரம் நிற்கும், பழம் கொழுகொழுவென்று வரும். அந்த ஒயின் முதல் வாயிலேயே தோளில் கை போடும். ஒரே கொடி, ஒரே வெயில், நடுவில் ஒரு பாதைதான். ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்று முடிவு செய்வதுதான் அர்மானின் முழுக் கலையும்.

போன குளிர்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மட்டும் மிச்சம். மற்றபடி ஒயினும் வெந்நீரும் ஒன்று. இது தெரிந்தவர்கள் மருத்துவரும் நானும் மட்டுமே. வாடிக்கையாளர் முன்னால் அவர் கோப்பையைச் சுழற்றி, கண்ணை மூடி, "ஈரக் கல், காட்டுப் பழம்" என்று பழைய நினைவிலிருந்து சொல்லிச் சமாளித்தார். ஆனால் கலப்பதற்கு நினைவு உதவாது. பீப்பாய்கள் காத்திருந்தன. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய நிறுவனம் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. மூக்கு வரவில்லையென்றால் கொடுத்துவிடுவதென்று அர்மான் முடிவு செய்திருந்தார். அந்த நிறுவனத்தில் அளப்பதற்கு இயந்திரங்கள் இருக்கின்றன, அளந்து எழுத நான் தேவையில்லை.

மருத்துவர் சொன்ன சிகிச்சை ஒன்றுதான். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கையும் தினமும் முகர வேண்டும். "திரும்பி வரலாம். வந்தாலும் கோணலாக வரலாம்" என்றார். நான்கு குப்பிகளுக்கும் பொறுப்பாளர், சொல்ல வேண்டியதில்லை, நான்.

சித்திரையில் என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் புதுச்சேரி கிளம்பியபோது அர்மான் கேட்டார், "நீங்கள் சொல்வீர்களே, எங்கள் பாறையைவிட வயதான ஒரு மலை. அது பக்கத்தில்தானே?" திருவண்ணாமலையைப் பற்றி என்றைக்கோ கிடங்கில் பேசியது. "பக்கம்தான் முசியே, ஆனால் சித்திரை வெயில்…" என்று ஆரம்பித்தேன். அவர் தொப்பி வாங்கப் போய்விட்டார்.

விசேஷம் முடிந்து திருவண்ணாமலை போய் இறங்கியபோது வெயில் தலைக்குள் நின்றது. செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் ஆளுக்கொரு அறை எடுத்தோம். எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் ஏழுமலை, அந்தப் பயணம் முழுவதும் எங்களோடு ஒட்டிக்கொண்டார்.

"சார் இன்னா பண்றாரு மேடம்?"

"ஒயின் செய்யறார்."

"ஒயின் ஷாப்பு வெச்சிருக்காரா?"

"இல்லைங்க, திராட்சை போட்டு அவரே செய்யறார்."

ஏழுமலை கண்ணாடியில் அர்மானை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கல்லாம் போலீஸ் புடிக்க மாட்டாங்களா?"

மொழிபெயர்த்தேன். அர்மான், வரிக்காரர்கள்தான் பிடிப்பார்கள் என்றார். ஏழுமலைக்கு அவரைப் பிடித்துப்போனது.

விடுதிக்கார அம்மாவுக்கு அவ்வளவு சுலபமாகப் பிடிக்கவில்லை. அர்மான் பெட்டியில் மேல் சரிவு ஒன்று, கீழ்ச் சரிவு ஒன்று என இரண்டு புட்டிகள் கொண்டுவந்திருந்தார். மூக்கு திரும்பினால் அந்த நிமிடமே பரிசோதிக்கத் தயாராக இருக்க வேண்டுமாம். அறையைக் காட்ட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இதெல்லாம் இங்க கூடாதுங்க. சாமியாருங்க தங்குற எடம்."

"திறக்க மாட்டோம்மா."

"தெறக்காததுக்கு எதுக்கு எடுத்தாந்தீங்க?"

புட்டிகள் அவருடைய சமையல் சாமான் அறைக்குப் போயின, நல்லெண்ணெய் டின்னுக்கும் புளிப் பானைக்கும் நடுவில். "போம்போது வாங்கிக்கங்க" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த அறை எங்கள் அறைகளைவிடக் குளிர்ச்சி என்று பிறகு கண்டுபிடித்தேன். ஒயினுக்கு நடந்த நல்லது அது.

மறுநாள் காலை டிபன் கடையில் அர்மானுக்கு முன்னால் டபரா வந்தது. பழக்கதோஷம், டம்ளரைக் கையில் எடுத்ததும் ஒயின் கோப்பை போலச் சுழற்றினார். ஒயின் கோப்பை மேலே குறுகலானது. டம்ளர் அப்படியல்ல. பக்கத்து இலைக்காரரின் வேட்டியில் பாதிக் காபி விழுந்தது. நான் பதறி எழுந்தேன். அவரோ, "உடுங்கம்மா, ஆத்தத் தெரியாம ஆத்திட்டாரு" என்று சொல்லி அர்மானுக்கு டபராவில் ஆற்றக் கற்றுக்கொடுத்தார். பிரான்சில் இது நடந்திருந்தால் இரண்டு தரப்பிலும் மன்னிப்புக் கேட்டே காலை உணவு ஆறியிருக்கும். மிச்சக் காபியை அர்மான் முகர்ந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒன்றுமில்லை.

குப்பிகளோடு நான் உள்ளூர்ச் சரக்கையும் சேர்த்தேன். கற்பூரம், பெருங்காயம், மல்லிகை, மளிகைக் கடையிலிருந்து கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. கருவாட்டை விடுதிக்குள் கொண்டுவர முடியாது என்பதால், ஏழுமலையிடம் மூக்கு விஷயத்தைச் சொல்லி, அவருடைய ஆட்டோவிலேயே வைத்து முகர்ந்தோம். அன்று மாலைக்குள் ஆட்டோ முழுக்கக் கருவாடு. அர்மான் ஒருவர் மட்டுமே அதில் நிம்மதியாக உட்கார்ந்து வந்தார்.

இனி மலை. கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று கிளம்பினோம். திராட்சைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது நிலத்துக்குப் போனால் கல்லை எடுத்து நக்கிப் பார்ப்பார்கள். ஈரம் பட்டால் கல்லின் நிறமும் மணிகளும் தெளியும், நாக்கில் அதன் சொரசொரப்பு தெரியும். பிரான்சில் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அர்மான் சாலையோரம் கிடந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் எடுத்து, மலையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி ஒரு நக்கு நக்கினார்.

பின்னால் வந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மலைய நாக்கால கும்புடறாரு பாரு. பக்தின்னா இதான்!"

அதற்குள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் தன் மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சொல்லி அர்மானின் காலைத் தொட்டார். அர்மான் மலர்ந்து போய் அவர் தோளைத் தட்டினார். அது ஆசீர்வாதம் ஆகிவிட்டது. வரிசை உருவாகத் தொடங்கியது. ஏழுமலை ஆட்டோவை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, "சாமிக்கு டைம் ஆச்சு, வழி உடுங்க, வழி உடுங்க" என்று சொல்லி எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் அர்மான் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கள் கருங்கல்லின் கொள்ளுத் தாத்தா" என்றார் பரவசமாக. நான் வாங்கிப் பார்த்தேன். அதன் ஒரு பக்கத்தில் நீலக் குளியலறை ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ வீடு இடித்துப் போட்ட சிமெண்டுக் கட்டி. சொல்லலாமா என்று யோசித்தேன். துல்லியம் என் தொழில். சொன்னேன்.

அவர் கட்டியைத் திரும்ப வாங்கி, நீல ஓட்டின் மேல் விரலால் தடவினார். பிறகு, "முன்பெல்லாம் வாய்க்குப் பக்கத்தில் வரும்போதே சுண்ணாம்பு எனக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

ஏழுமலைக்கு முகம் வாடிய சவாரியைப் பிடிக்காது. "சாருக்கு மண்ணப் பத்தித் தெரியணும்னா என் கொல்லிக்கு வரச் சொல்லுங்க மேடம். நம்ம ஊரு அடி அண்ணாமலைதான். மல்லாட்டை அவிச்சுத் தரேன்." மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அந்தப் பக்கத்தில் யாரும் வேறு பெயர் சொல்லி நான் கேட்கவில்லை.

அவருக்கு இரண்டு நிலம். மேடான பக்கம் செம்மண் சரளை, அது கொல்லை, அவர் பேச்சில் கொல்லி. இறக்கத்தில் ஏரியை ஒட்டிய களிமண் நிலம், அது கழனி. இரண்டிலும் அப்போதுதான் கடலை பிடுங்கி முடித்திருந்தார்கள். நான் கேட்கக் கேட்க எனக்கே வியப்பாக இருந்தது. கொல்லையில் தண்ணீர் நிற்காது, காய் சிறுத்து வரும், ருசி கெட்டி. கழனியில் ஈரம் நிற்கும், காய் பெருக்கும், ருசி சப்பை. அர்மானின் மேல் சரிவும் கீழ்ச் சரிவும் உள்ளூர் வேடத்தில். அர்மான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாறையும் தண்ணீரும் எங்கே போனாலும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. மண் என்பது நிலத்தின் பிறவிக் குணம்" என்றார்.

மொழிபெயர்த்ததும் ஏழுமலை தலையைச் சொறிந்தார். "பொறவி இன்னா, போன வருசம்தான் ஏரி வண்டல் டிராக்டர் டிராக்டரா அடிச்சேன் கழனிக்கு."

கோடையில் ஏரி வற்றும்போது அடிமண்ணை வெட்டி நிலத்தில் கொட்டுவது இங்கே வழக்கம். அர்மான் இதை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார். மண்ணை வண்டியில் ஏற்றி இறக்குவதா? எங்கள் ஊரில், மழையில் கீழே இறங்கிய மண்ணைக் கூடையில் திரும்பச் சுமந்து மேலே கொட்டுவார் அவர், பிறவிக் குணம் போய்விடக் கூடாது என்று. அதுவும் ஏற்றி இறக்குவதுதான் என்று நான் சுட்டிக்காட்டவில்லை. அன்றைக்கு ஒரு துல்லியம் போதும்.

ஏழுமலையின் மனைவி வசந்தா இரண்டு தட்டில் அவித்த கடலையை உரித்துக் கொண்டுவந்து வைத்தார். "எது கொல்லி, எது கழனின்னு சார சொல்லச் சொல்லுங்கக்கா. பருப்பு ஒரே அளவாப் பொறுக்கிட்டேன்."

அர்மான் சுழற்றினார், முகர்ந்தார், மென்றார், கூரையைப் பார்த்தார். கடைசியில் இடது தட்டைக் காட்டி, "பாறையின் கடலை" என்றார். அது கழனி.

"போச்சுடா" என்றார் ஏழுமலை. "தள்ளுங்க, நான் சொல்றேன்." வசந்தா அவர் கண்ணைத் துண்டால் கட்டினார். ஏழுமலை ஒரு பருப்பை வாயில் போட்டதும், "இதான் நம்ம கொல்லி! நாக்குல ஒக்காருது பாரு!" என்றார். அதுவும் கழனி.

வசந்தா சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த மாடு மிரண்டது. "கொல்லி மல்லாட்டைதான் எறங்கும்னு எத்தினி நாளு என்னாண்ட சண்ட போட்டிருக்கீங்க!"

"அவிச்சது சரியில்ல" என்றார் ஏழுமலை.

எல்லோரும் சிரித்தோம். அர்மானும் சிரித்தார். திரும்பும்போது மட்டும் சொன்னார், "அவருக்கு இது விளையாட்டு. எனக்கு இல்லை, மதாம் கலா. நாளைக்கு அந்த நிறுவனத்துக்குப் போன் போடுகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கொல்லையை ஒரு முறை காலையில் பார்க்க வேண்டும்."

விடியற்காலையில் ஒரு கோடை மழை. பெரிதில்லை, புழுதி அடங்கும் அளவு. அடி அண்ணாமலையில் மண் பாதைக்குத் திரும்பியதும் ஆட்டோ சேற்றில் சிக்கியது, சரியாக ஏழுமலையின் கழனிக்கு எதிரே. கழனியில் கிடை போட்டிருந்தார்கள். அதாவது, அறுவடை முடிந்த நிலத்தில் ராத்திரி முழுக்க ஒரு மந்தையை அடைத்துவைத்து, அதன் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கே எருவாக விடுவது. அந்த மந்தையின் மேல் மழையும் பெய்து, வெயிலும் ஏறத் தொடங்கியிருந்தது. நான் முந்தானையால் மூக்கை மூடினேன். ஆட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்த ஏழுமலைகூட முகத்தைத் திருப்பினார்.

அர்மான் தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"மதாம் கலா, இங்கே என்ன இருக்கிறது?"

"ஆடு, முசியே. தெரிகிறதே."

"கண்ணால் கேட்கவில்லை."

அவர் வரப்பில் ஏறினார். பட்டி வலையைத் தாண்டினார். செருப்பு சேற்றில் ஒன்றும் புழுக்கையில் ஒன்றுமாக நின்றுவிட, வெறுங்காலோடு மந்தையின் நடுவே போய் நின்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"யோவ், யார்யா அது? வலையத் தாண்டி உள்ள பூந்துட்டாரு!" என்று கிடைக்காரர் கோலோடு ஓடிவந்தார்.

அர்மான் ஒரு கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"ஏம்மா, கண்ணு எரியுதா அவருக்கு?" ஏழுமலை பதறினார்.

"இல்லைங்க. வாசனை வந்துடுச்சு. சொன்னேனே, ரொம்ப நாளா மூக்கு வேலை செய்யலைன்னு. இப்பதான் முதல் வாசனை."

ஏழுமலை அர்மானைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். "மல்லிப்பூவு குடுத்தோம், கற்பூரம் குடுத்தோம், வரல. ஆட்டு மூத்தரத்துக்கு வந்துச்சா?"

கிடைக்காரர் கோலை இறக்கினார். "நம்ம ஆடு ராசியான ஆடுங்க" என்றார் அடக்கமாக.

கொண்டாட்டமாக விடுதிக்குத் திரும்பினோம். காபி வந்தது. அர்மான் ஆவலாக முகர்ந்தார். முகம் மாறியது.

"ஆடு" என்றார்.

மல்லிகையை நீட்டினேன். ஆடு. கற்பூரம்? ஆடு. கிராம்பு, ரோஜா, பற்பசை, விடுதிக்கார அம்மாவின் சாம்பார், எல்லாம் ஆடு. மருத்துவர் சொன்ன கோணல் இதுதான்.

"சாம்பார் எப்படி இருக்குன்னு கேளுங்க" என்றார் அந்த அம்மா.

கேட்டேன். "மந்தையே உள்ளே இருக்கிறது" என்றார் அர்மான்.

"நல்லா இருக்குன்னு சொல்றார்" என்றேன்.

ஏழுமலைக்கு இது பெரிய வேடிக்கை. கையில் கிடைத்ததையெல்லாம் அர்மானின் மூக்கில் காட்டி, "ஜாஸ்தியா, கம்மியா?" என்று கேட்டார். அந்த இரண்டு சொல்லோடு ஆடு என்ற சொல்லையும் அர்மான் அன்றே கற்றுக்கொண்டார். தயிர் சாதத்தில் ஆடு கம்மி, சாம்பாரில் ஜாஸ்தி. ஆட்டோ டீசலில் ரொம்ப ஜாஸ்தி. ஆனால் சாயங்காலம் அவர் என்னிடம் குரல் தாழ்த்திக் கேட்டார், "ஆட்டை மட்டுமே தெரிந்த மூக்கை வைத்துக்கொண்டு நான் என்ன ஒயின் செய்வது?"

பதில் எனக்கு இரவு படுத்த பிறகு வந்தது. என்னுடைய தராசு ஒன்று பல வருடங்களாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அதை நான் தூக்கிப் போடவில்லை. எப்போதும் ஒரே மாதிரி கூட்டினால் அது நல்ல தராசுதான்.

காலையில் அடி அண்ணாமலைக்கு மறுபடியும் போனோம். வசந்தா இரண்டு தட்டு வைத்தார். அர்மான் முகர்ந்து மென்றார். "ஆடு கம்மி." அடுத்தது. "ஆடு ஜாஸ்தி."

"என் மல்லாட்டையில ஏது ஆடு?" என்று ஏழுமலை சண்டைக்கு வந்தார்.

"இருங்க" என்றார் வசந்தா. "ஜாஸ்தின்னாரே, அது கொல்லி."

ஒரு தடவை சரியாக வருவது எதையும் நிரூபிக்காது. தட்டை மாற்றச் சொன்னேன். அர்மானைத் திரும்பி உட்காரச் சொன்னேன். இரண்டு தட்டிலும் கழனியையே வைக்கச் சொன்னேன். "கம்மி, கம்மி" என்றார். இரண்டிலும் கொல்லை வைத்தோம். "ஜாஸ்தி, ஜாஸ்தி. ஏமாற்றுகிறீர்கள்." எவ்வளவு மாற்றியும் அவர் தவறவில்லை. ஏழுமலையும் ஒரு கை பார்க்கிறேன் என்று உட்கார்ந்து மறுபடி தோற்றார்.

வாசனை தப்பு, அளவு சரி. கலப்பதற்கு அளவு போதும்.

கிளம்பும் நாளில் விடுதிக்கார அம்மா சாவியை எடுத்து எங்கள் புட்டிகளைத் துடைத்துக் கொடுத்தார். "பத்தரமா இருக்குது பாருங்க. தெறக்கவே இல்லியே?" என்று என்னிடமே கேட்டார். புதுச்சேரியில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவற்றைத் திறந்தோம். அண்ணியிடம் எவர்சில்வர் டம்ளர்தான் இருந்தது. நான் மறைத்து ஊற்ற, அர்மான் மேல் சரிவையும் கீழ்ச் சரிவையும் ஒவ்வொரு முறையும் சரியாகப் பிரித்தார். பிறகு இரண்டையும் ஒரு டம்ளரில் கலந்து, கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று கூட்டிக் குறைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தார். நான் அளவைக் குறித்துக்கொண்டேன். அவர் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, தோட்டம் விற்பனைக்கு இல்லை என்றார். அடுத்து இன்னொரு போன், பக்கத்து ஊர் ஆட்டுக்காரருக்கு. வரும் குளிர்காலத்தில் அவருடைய மந்தையைத் தோட்டத்தில் அடைக்க முடியுமா என்று கேட்க.

அந்த வருட ஒயினை முதலில் ருசிக்கப் பாரிஸிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் கிடங்குக்கு வந்தார். கோப்பையைச் சுழற்றிக் கண்ணை மூடினார். வழக்கமாக ஈரக் கல்லும் காட்டுப் பழமும் சொல்லும் அர்மான், அன்று தானும் முகர்ந்துவிட்டுத் திருப்தியாகத் தமிழில் சொன்னார், "ஆடு ஜாஸ்தி."

அவர் என்ன சொன்னார் என்று வாடிக்கையாளர் என்னைக் கேட்டார்.

"பாறையின் ஆழம் தெரிகிறது என்கிறார்" என்றேன்.

வாடிக்கையாளர் இன்னொரு முறை முகர்ந்து, "உண்மைதான்" என்றார்.